அபயமும் அளவும்

ஹைதராபாத்துக்கு வடக்கே, ஷாமீர்பேட்டையைச் சார்ந்து ஜீனோம் வேலி என்று பெயர் பெற்று வளர்ந்திருக்கும் தொழிற்பகுதியில் இயங்கிவரும் பாரத் பயோடெக் நிறுவனம், புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிலையம் பிரித்தெடுத்துக் கொடுத்த கொரோனா வைரஸைச் செயலிழக்கச் செய்து தான் தயாரித்த கோவாக்சின் தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவுகளை 2021 ஜூலை 3 அன்று வெளியிட்டபோது, அவற்றுள் ஓர் எண் மற்றவற்றைக் காட்டிலும் ஜனங்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. கடுமையான நோய்க்கு எதிராக 93.4 சதவீதப் பாதுகாப்பு என்பது அந்த எண். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான், சிகந்தராபாத் காந்தி மருத்துவமனை முழுவதையும் கொரோனா நோயாளிகளுக்கென்றே ஒதுக்க நேர்ந்ததையும், ஒரு சிலிண்டர் ஆக்ஸிஜனுக்காகச் செல்வர் வறியவர் என்ற பேதமின்றி எல்லோரும் அலைந்ததையும் கண்ணால் கண்டிருந்த அந்த நகரத்தின் செவியில், அந்த எண் வெறும் ஆராய்ச்சி முடிவாக விழுந்திருக்க முடியாது. அஞ்சேல் என்று கையுயர்த்தி நிற்கும் தெய்வத்தின் அபய வாக்காகவே விழுந்தது. தடுப்பூசி தரும் பாதுகாப்பு எத்தகையது, அதன்மேல் நாம் வைக்கத்தகும் விசுவாசம் எத்தகையது என்ற விசாரத்தை அந்த இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன். அபயத்தையும் அளவையும் ஒன்றென்று மயங்கியதால் விளைந்த மனத்தாங்கல்கள் இன்னும் நம்மிடையே தீரவில்லை.

அந்த எண்ணுக்கு அடியில் எத்தனை மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2020 நவம்பர் 16 முதல் 2021 ஜனவரி 7 வரை, இந்தியாவின் 25 மருத்துவமனைகளில், 18 வயது நிரம்பிய 25,798 பேர் அந்தப் பரிசோதனையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தடுப்பூசியும், மற்றப் பாதிப்பேருக்கு வைரஸ் சிறிதும் கலவாத ஒப்பீட்டு ஊசியும், நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போடப்பட்டன. எவருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. முன்பு தொற்றுக்கு ஆளாகாதவர்கள் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட 16,973 பேரில் 130 பேருக்குப் பின்னர் நோய் கண்டது. ஒப்பீட்டு ஊசி பெற்றவர்களில் 106 பேர், தடுப்பூசி பெற்றவர்களில் 24 பேர். இதிலிருந்து 77.8 என்னும் சதவீதம் வந்தது. அந்த 130 பேரில் 16 பேருக்கு நோய் கடுமையாயிற்று: ஒப்பீட்டு ஊசியின் பக்கம் 15 பேர், தடுப்பூசியின் பக்கம் ஒரே ஒருவர். 93.4 என்பது இந்தப் பதினாறு தேகங்களில் நிகழ்ந்ததை வைத்துப் போட்ட கணக்கேயாகும். பதினாறு பேரை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் மறைக்கவுமில்லை. உண்மையான பாதுகாப்பு 57.1 சதவீதத்துக்கும் 99.8 சதவீதத்துக்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்று 'லான்செட்' சஞ்சிகையில் தெளிவாகவே எழுதினார்கள். ஆனால் ஊரெங்கும் பரவியது நடுவிலிருந்த எண் மட்டும்.

இந்தக் கணக்கை எண்ணும்போதெல்லாம் என் சிந்தை அந்த ஒருவரிடமே போய் நிற்கிறது. இரண்டு ஊசிகளையும் முறைப்படி போட்டுக்கொண்டு, அதன் பின்னும் மூச்சுத் திணறிப் படுத்துவிட்ட அந்த மனிதருக்கு 93.4 என்ற எண் என்ன சொல்லும்? விகிதம் என்பது பலர் கூடிய திரளைப் பற்றிய சத்தியம். தனி மனிதனுக்கோ இருப்பது ஒரே தேகம். ஒரு பங்கு காக்கப்பட்டு மறு பங்கு நோயுறுவது என்பது அவனுக்கு இல்லை. 'உங்களில் இத்தனை பேர் காக்கப்படுவீர்கள்' என்று விஞ்ஞானம் திரளை நோக்கிப் பேசும்போது, 'நான் காக்கப்படுவேனா?' என்றே ஒவ்வொருவனும் கேட்கிறான். அந்தக் கேள்வி மனிதனுக்கு இயல்பானது. அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் அது சென்று நிற்க வேண்டிய வாசல் வேறு.

அந்த வாசல் எதுவென்பதை இதே நகரம் இருநூறு ஆண்டுகளாகக் காட்டிவருகிறது. 1813ஆம் ஆண்டில் ஹைதராபாத்தையும் சிகந்தராபாத்தையும் கொள்ளைநோய் வாட்டியபோது, உஜ்ஜயினியில் தங்கியிருந்த படைப்பிரிவொன்றைச் சேர்ந்த சுரிட்டி அப்பையா என்பவர், தம் ஊர் பிழைத்தால் மகாகாளிக்கு அங்கே கோயில் எடுப்பதாக நேர்ந்துகொண்டார் என்பதும், நோய் தணிந்தபின் ஊர் திரும்பி 1815இல் சிகந்தராபாத்தில் உஜ்ஜயினி மகாகாளியைப் பிரதிஷ்டை செய்தார் என்பதும் ஐதிகம். ஆஷாட மாதத்தில் கோல்கொண்டாவில் தொடங்கி, சிகந்தராபாத்தைக் கண்டு, பழைய நகரத்து லால் தர்வாஜாவில் நிறைவுறும் போனாலு விழாவில், வேப்பிலை சூடி மஞ்சள் பூசிய குடத்தில் அன்னம் வைத்துத் தலையில் தாங்கி வரும் பெண்களைக் காணும் தமிழருக்கு, சமயபுரமும் புன்னைநல்லூரும் நினைவுக்கு வராமல் இரா. அங்கே போச்சம்மா, இங்கே மாரியம்மன். 1591இல் எழுந்த சார்மினாரையுங்கூட ஒரு கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக எழுப்பியதாகச் சொல்லும் வழக்கு உண்டு. சரித்திர ஆசிரியர்கள் வேறு காரணங்களும் கூறுவார்கள்.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. இந்த அம்மன்களிடம் ஜனங்கள் முறையிட்டுவந்த பெரியம்மை 1975ஆம் ஆண்டோடு இந்தியாவிலிருந்து நீங்கிற்று. 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்தது தடுப்பு மருந்துதான். இதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. அம்மனிடம் ஜனங்கள் கேட்டது பெரியம்மையிலிருந்து விடுதலை ஒன்றையே என்றால், அந்த நோய் போனபின் கோயில்களில் கூட்டம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஆகவே அவர்கள் கேட்டது மருந்துக்கு மாற்றான ஒன்று அல்ல என்பது விளங்குகிறது. எது வந்தாலும் தாங்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர் என்ற உறுதியை, திரளில் ஒருவராக இல்லாமல் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒருவராக, அவர்கள் வேண்டினார்கள். அளவில்லாமல் கொடுக்கப்படுவதே அபயம். அதை நூற்றுக்கு இத்தனை என்று கொடுக்க முடியாது. அதுபோலவே, நூற்றுக்கு இத்தனை என்று மட்டுமே பேச வல்ல ஒன்றிடம் அபயத்தைக் கேட்பதும், கிடைக்காதபோது அதை வஞ்சனை என்று தூற்றுவதும் நியாயமாகாது.

ஆனால் தூற்றியவர்கள் மீது மட்டும் பழியைச் சுமத்திவிட என் மனம் இசையவில்லை. நம்முடைய நியாய சாஸ்திரிகள் அறிவு பிறக்கும் வழிகளை ஆராய்ந்தபோது, கண்டறிவதையும் ஊகித்தறிவதையும் சொன்னதோடு நில்லாமல், நம்பத்தக்கவர் சொல்லால் அறிவதையும் ஒரு பிரமாணமாகக் கொண்டார்கள். அந்தச் சொல்லுக்குரியவரை ஆப்தர் என்றார்கள். ஆப்தர் விஷயத்தை உள்ளபடி அறிந்தவராக இருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தவாறே சொல்லும் எண்ணம் உடையவராகவும் இருக்க வேண்டும். தடுப்பூசியைப் பற்றிச் சாமானிய மனிதனுக்குக் கிடைக்கும் ஞானம் முழுவதும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. சீசாவுக்குள் இருப்பதை அவன் பார்க்க முடியாது. தன் தேகத்துக்குள் நடப்பதையும் பார்க்க முடியாது. ஊசி போட்டபின் நோய் வராவிட்டால், அது ஊசியாலா அன்றி நோய் அவன் பக்கம் வராததாலா என்பதைக்கூட அவன் தன் அனுபவத்தால் சொல்ல முடியாது. அவன் முழுக்கவும் மற்றவர் சொல்லில் நிற்கிறான். ஆகையால் சொல்பவர் குறைத்தோ கூட்டியோ அவசரப்பட்டோ சொன்னால், அது நிர்வாகப் பிழையாக முடிந்துவிடுவதில்லை, பிரமாணமே பழுதாகிறது.

அந்த அவசரம் நடந்தது. 2021 ஜனவரி 3 அன்று, மூன்றாம் கட்டப் பரிசோதனையின் பலன் ஒன்றும் தெரியுமுன்னரே, கோவாக்சினுக்கு அவசரகால அனுமதி கொடுக்கப்பட்டது. 'பரிசோதனை முறையில்' என்று அந்த அனுமதியில் சேர்க்கப்பட்ட சொற்களின் பொருள் யாருக்கும் தெளிவாக விளங்கவில்லை. ஜனவரி 16இல் நாடெங்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். முதல் இடைக்காலப் பலன் மார்ச் 3 அன்றுதான் வந்தது. அந்த இடைப்பட்ட வாரங்களில் மருத்துவர்களையும் தாதிகளையும் துப்புரவுப் பணியாளர்களையும் நோக்கி நம்புங்கள் என்று சொன்னவர்களின் கையில் நம்பத்தக்க எண் எதுவும் இருக்கவில்லை. பிறகு வந்த எண் நல்லதாகவே இருந்தது என்பது மெய். ஆயினும் சொல்லப்பட்ட நாளில் அது அறியப்படாதது. அறியாததை அறிந்ததுபோல் சொல்லிப் பின்னால் அது சரியாகிவிடுவது ஆப்தரின் இலக்கணம் ஆகாது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், கோவாக்சினில் கன்றுக்குட்டியின் சீரம் கலந்திருப்பதாக ஒரு பேச்சுக் கிளம்பியபோது, அவசரத்துக்கு மாறாகத் தாமதம் நிகழ்ந்தது. வைரஸை வளர்க்க உதவும் வீரோ அணுக்களைப் பெருக்குவதற்கு மட்டும் அந்தச் சீரம் பயன்படுகிறது, பிறகு கழுவி நீக்கப்படுகிறது, முடிந்த மருந்தில் அது இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் விளக்கம் தந்தது. அந்த விளக்கம் உண்மையானது. ஆசாரத்தைப் பேணும் வீட்டுக்கு அது வதந்தியின் பின்னால் வராமல் முன்னால் வந்திருந்தால், எத்தனையோ முதியவர்களின் தயக்கம் தோன்றாமலே இருந்திருக்கும்.

சந்தேகிப்பவர்களை மூடர் என்று ஒதுக்குவதற்கு முன்னால் நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலிருந்து ஒரு விருத்தாந்தத்தை நினைத்துக்கொள்வது நல்லது. க்ஷயரோகத்துக்கு எதிரான பி.சி.ஜி. மருந்தைத் தயாரிக்கும் கூடம் 1948இல் கிண்டியில் ஏற்பட்டு, பின்னர் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அது போடப்பட்டபோது, அதை வெளிப்படையாக எதிர்த்து நின்றவர் ராஜாஜி. 1955இல் அவர் எழுதியவை பெரும் விவாதத்தை எழுப்பின. மத்திய சுகாதார மந்திரியாக இருந்த ராஜகுமாரி அம்ருத் கௌர் மறுபக்கத்தில் நின்றார். ராஜாஜியின் வாதங்கள் எல்லாம் சரியானவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், லட்சக்கணக்கான ஜனங்களைக் கொண்டு, உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றான பி.சி.ஜி. பரிசோதனை தொடங்கப்பட்டு, பல ஆண்டுகள் பொறுமையாகக் கண்காணிக்கப்பட்டபின் வெளியான முடிவு என்ன? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த மருந்து தடுக்கவில்லை என்பதே. அதே மருந்து பச்சிளங் குழந்தைகளை க்ஷயத்தால் வரும் மூளைக்காய்ச்சலிலிருந்தும், உடல் முழுவதும் பரவும் கடுமையான க்ஷயத்திலிருந்தும் காக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் அதைப் போடுகிறோம். மருந்து ஒன்றுதான். எந்த நோயிலிருந்து, எந்த வயதினரை, நோயின் எந்தக் கட்டத்தில் காக்கிறது என்று கேட்டபோதுதான் அதன் உண்மை வெளிப்பட்டது. காக்குமா, காக்காதா என்ற இரண்டே விடைகளுக்குள் அந்த வாதத்தை அடைத்திருந்தால் இரு தரப்பாருமே தோற்றிருப்பார்கள்.

கொரோனாவிலும் அந்த நுட்பமே மையமான விஷயம். 2021இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை, இரண்டாம் அலையின்போது ஆராய்ந்தார்கள். அவர்களில் தடுப்பூசி பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் போடப்பட்டிருந்தது கோவிஷீல்டு என்னும் மற்றொரு தடுப்பூசி. இரண்டு தவணையும் பெற்றிருந்தவர்களுக்குத் தொற்றே வராமல் கிடைத்த பாதுகாப்பு 65 சதவீதம். மருத்துவமனையில் சேர நேராமல் 77. ஆக்ஸிஜன் தேவைப்படாமல் 92. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேராமல் 94. தில்லி எய்ம்ஸ் ஊழியர்களிடையே அதே காலத்தில் கோவாக்சினை ஆராய்ந்தபோது, காய்ச்சல் இருமலோடு நோய் காண்பதைத் தடுத்த அளவு 50 சதவீதமாக இருந்தது. மேலே குறைவு, ஆழத்தில் மிகுதி என்ற இந்தப் படிக்கட்டைக் கூர்ந்து நோக்கினால், 'போட்டுக்கொண்டும் வந்துவிட்டதே' என்ற வார்த்தையும், 'போட்டுக்கொண்டதால் பிழைத்தேன்' என்ற வார்த்தையும் ஒரே மருந்தைப் பற்றிய இரண்டு உண்மைகள் என்பது புலப்படும்.

ஏன் இப்படி? கோல்கொண்டா கோட்டையின் வாயில் மண்டபத்தில் நின்று கைதட்டினால், அந்த ஒலி மலையுச்சியில் இருக்கும் பாலா ஹிஸார் மாளிகைவரை கேட்கும். வாயிலைப் பகைவன் தாண்டினாலும், உச்சிக்கு ஏறிவருவதற்குள் உள்ளிருப்பவர்கள் ஆயுதம் தரிக்க அவகாசம் உண்டு. தோளில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருள்களை நிறைக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் ஈரமாகப் படர்ந்திருக்கும் சவ்வில் அவை போதிய அளவு சுரப்பதில்லை, சுரப்பவையும் சில மாதங்களில் குறைந்துவிடுகின்றன. ஆகவே வைரஸ் வாயிலைக் கடந்துவிடலாம். ஆனால் அது தொண்டையிலிருந்து நுரையீரலின் ஆழத்துக்கு இறங்கி அங்கே நாசம் விளைவிக்கச் சில தினங்கள் பிடிக்கும். அதற்குள், முன்பு கற்றதை மறவாத நினைவணுக்கள் விழித்தெழுந்து புதிய எதிர்ப்பொருள்களைப் பெருக்க, டி அணுக்கள் தொற்றுண்ட அணுக்களைத் தேடி அழிக்கின்றன. வைரஸ் உருமாறி வந்தபோது வாயிற்காவல் வெகுவாகத் தளர்ந்தும் உள்காவல் பெருமளவு நிலைத்ததற்கு இதுவே காரணம். வாயிலையே காக்க முயன்று பாரத் பயோடெக் மூக்கில் விடும் சொட்டு மருந்தொன்றையும் செய்தது. இன்கோவாக் என்ற அந்த மருந்துக்கு 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது.

இந்த உடற்கூற்று உண்மையிலிருந்து ஒரு தர்ம விசாரம் நேராகப் பிறக்கிறது. ஊசி போட்டுக்கொண்டவனிடமிருந்து நோய் மற்றவனுக்குப் பரவுவதை மருந்து முற்றிலும் தடுக்குமானால், போட்டுக்கொள்ளாதவனைப் பிறருக்குத் தீங்கு செய்பவன் என்று கருதி நிர்ப்பந்திக்க ஓரளவு நியாயம் உண்டு. வாயிற்காவல் தளர்ந்தது என்று தெரிந்தபின் அந்த நியாயம் மெலிகிறது. 2022 மே 2 அன்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, தன் தேகத்தின்மேல் தனக்குள்ள உரிமையை மீறி எவரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அரசின் தடுப்பூசிக் கொள்கை தவறானது என்று அது சொல்லவில்லை. பரிசோதனை விவரங்களையும், ஊசிக்குப்பின் நேர்ந்த பாதகமான விளைவுகளையும் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு பணித்தது. ஆப்தருக்குரிய இலக்கணத்தை நீதிமன்றம் சட்டத்தின் பாஷையில் சொன்னதாகவே இதை நான் கொள்கிறேன். பிறர்க்குச் செய்யும் கடமை இதனால் இல்லாமற் போய்விடவுமில்லை. படுக்கையில் விழாமல் இருப்பவன் ஒரு படுக்கையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். 2021 ஏப்ரலைக் கண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தானம் என்று சொல்ல வேண்டியதில்லை.

விதியை நம்புவோர் மருந்தை நாடுவது விசுவாசக் குறைவாகுமா என்ற பழைய வினாவும் அந்த நாட்களில் பல வீடுகளில் எழுந்தது. ஏழாம் நூற்றாண்டில் கலீபா உமர், கொள்ளைநோய் பரவியிருந்த சிரியாவுக்குள் நுழையாமல் எல்லையிலிருந்தே திரும்ப முடிவு செய்தபோது, இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அவருடைய படைத்தலைவர் அபூ உபைதா வினவியதாகவும், இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்வதாக உமர் விடையளித்ததாகவும் இஸ்லாமிய மரபில் வழங்குகிறது. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தவர், ஆள்வினைக்கும் ஓர் அதிகாரம் கொடுத்தார். ஒன்றை மற்றொன்றால் அழிக்கவில்லை. முயற்சிக்குள்ள தகுதியை அதன் பலனைக்கொண்டு பின்னோக்கி நிர்ணயிக்கக் கூடாது என்பதே என் துணிபு. தக்க அறிவோடு தக்க காலத்தில் எடுத்த முடிவு, பின்னால் வேறு விதமாக நேர்ந்துவிட்டதால் தவறாகிவிடாது.

இதை உபதேசமாகச் சொல்லாமல் செயலாகவே காட்டியவர்கள் அந்த 25,798 பேர். தங்கள் கையில் ஏறுவது மருந்தா, மருந்தற்றதா என்று அறியாமலே அவர்கள் கையை நீட்டினார்கள். எல்லா இடங்களிலும் முழு விவரம் சொல்லித்தான் சேர்த்தார்களா என்ற கேள்வி போபாலில் எழுந்தது. அது அலட்சியம் செய்யத்தக்க கேள்வி அல்ல. ஆனால் அறிந்தே நீட்டியவர்களின் செயல், பலனை எதிர்பாராத கர்மம் என்று நாம் ஏட்டில் படித்துவருவதற்கு வெகு அருகில் இருக்கிறது. ஒப்பீட்டு ஊசி பெற்ற பாதியில் 15 பேர் கடுமையாக நோயுற்றார்கள் என்ற செய்தி இல்லாமல், மறுபாதியில் ஒருவர் மட்டுமே அவ்வாறு நோயுற்றார் என்பதற்கு அர்த்தமே இல்லை. கோடிக்கணக்கானவர்கள் பெற்ற தைரியத்தின் அளவைத் தங்கள் மூச்சைக் கொடுத்து அளந்து தந்தவர்கள் அந்தப் பதினைந்து பேரும், அந்த ஒருவரும்.

அந்த ஒருவரைப் போன்றவர்களின் வீட்டாரிடம் நாம் பேசும்போது சொல்லத்தக்கவை சில, சொல்லத்தகாதவை சில. நீங்கள் செய்தது சரியே என்று சொல்லலாம், அது சத்தியம். காக்கப்படாத சிலரில் ஒருவராக அவர் இருந்துவிட்டார் என்று சொல்வது அவர்களுடைய கேள்விக்குப் பதிலாகாது. அவருடைய கர்மம் என்று சொல்வதோ அதைக் காட்டிலும் கொடியது; கர்ம சித்தாந்தம் ஒருவன் தன் துன்பத்தைத் தானே தாங்கிக்கொள்ள எடுத்துக்கொள்ளத்தக்க ஊன்றுகோல், அடுத்தவன் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுத எவருக்கும் அதில் அதிகாரம் இல்லை.

கொரோனா தணிந்துவிட்டாலும் இந்த விசாரம் பழங்கதையாகவில்லை. 2015இன் தொடக்கத்தில் தெலங்கானாவைக் கடுமையாகத் தாக்கிய பன்றிக்காய்ச்சலை உள்ளடக்கிய இன்புளுயன்சா இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி குழந்தைகளுக்குரிய தேசியத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது, ஹைதராபாத்தின் பயலாஜிகல் இ நிறுவனமே அவ்வகை ஊசியொன்றைத் தயாரிக்கிறது. முதியவர்களுக்கோ இவ்விரண்டும் சொந்தச் செலவில் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டியவையாகவே இருக்கின்றன. நீரிழிவோடு எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாயிடம் மருத்துவர் இவற்றைப் பரிந்துரைக்கும்போது, நேராக இப்படிச் சொல்ல வேண்டுமென்று விரும்புகிறேன்: "அம்மா, இதைப் போட்டுக்கொண்டாலும் உங்களுக்குக் காய்ச்சல் வரலாம், இருமல் வரலாம். வந்தால் அது உங்களை ஆஸ்பத்திரிப் படுக்கைவரை கொண்டுபோகும் வாய்ப்பு குறையும். எவ்வளவு குறையும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு நாள் கை வலிக்கும். ஒன்றுமே வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. என் தாயாருக்கும் இதைத்தான் போடச் சொல்வேன்."